படவில்லை என்று நான் சொன்ன வெடி

அப்பன், என் மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவியின் தம்பியும் மத்தியானம் சாப்பிட வந்திருந்தீர்கள். கை கழுவின ஈரம் காய முன்னமே நீ மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்தாய். அம்மா துடைக்கத் துணியோடு நின்றவள், அப்படியே திரும்பிப் போனாள். துவக்குக் கதை, வேட்டைக் கதை தொடங்கினால் அவள் அந்த இடத்தில் நிற்கமாட்டாள் என்று உனக்குத் தெரியும். திரையில் ஒரு அட்டவணை. .308, 6.5 கிரீட்மோர், ஏழு மில்லிமீட்டர், 300 மேக்னம் என்று நாலு வகைத் துவக்குத் தோட்டா, நாலு நிரை. நூறு மீட்டரில் இருந்து அறுநூறு வரைக்கும் தோட்டா எவ்வளவு கீழே இறங்கும், பக்கக் காற்று எவ்வளவு தள்ளும், போய்ச் சேரும்போது எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. நீ விட்பியில் இருந்து வேலைக்குப் போகும் ட்ரெயினில் ஒரு மாதமாக உட்கார்ந்து செய்ததாம். கெட்டிக்காரத்தனமான வேலை. நான் அதை மனசுக்குள் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன், நீ அந்தக் கதையை எடுக்கும் வரைக்கும்.

"அப்பா, பாருங்கோ, உங்கட .308 நானூறில ஒரு மீட்டருக்கு மேல விழுது. காத்தும் கூடத் தள்ளுது. அண்டைக்கு ஹைட்ரோ லைன்ல உங்களிட்ட இந்த 6.5 இருந்திருந்தா அந்த மான் மிஸ் ஆகியிராது. ஐ ரன் த நம்பர்ஸ்" என்றாய். உன் மச்சான் உடனே, "அங்கிள் ஊரில வோரில, சண்டையில எல்லாம் இருந்தவர்தானே அத்தான், அவருக்குத் தெரியாததே?" என்று சிரித்தான். நீ பெருமையோடு என்னைப் பார்த்தாய். "ஓம், 6.5 நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். கேத்தில் கொதித்து, தானாக நின்று, ஆறியும் போய்விட்டது. நான் அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து கேத்திலுக்குப் பின்னால் ஒளிந்தேன் என்றால் வேறு என்னத்தைச் சொல்ல.

அன்றைக்கு நான் விட்ட வெடி தவறவில்லை. அந்த மான் மீது பட்டது. பட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

நவம்பர் பிறந்ததும் நீ மச்சானை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய். அவனுக்கு இது முதல் தரம். "சிக்ஸ் ஹண்ட்ரட் ஈஸி" என்று அவனுக்கு நீ சொன்னதை நான் கேத்திலுக்கு முன்னால் நின்று கேட்டேன். என்னுடைய பொய்யை அடித்தளமாகப் போட்டு நீ ஒரு மாதம் கணக்குப் பார்த்திருக்கிறாய், ராசா. நான் வாயைத் திறக்காவிட்டால் இன்னொரு மான் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பிறகு நீயும் உன் மச்சானுக்கு என்னைப்போல ஒன்றைச் சொல்லப்போகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை முதலில் நீ படித்த பிறகு, நம் ஆட்கள் பார்க்கும் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஏனென்றால் நான் பொய் சொன்னது வீட்டுக்குள் மட்டும் இல்லை. கல்யாண ஹோல்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் நாலு பேர் சூழ நின்றுதான் சொன்னேன்.

அந்தப் பெரிய பொய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் சின்னப் பொய் உனக்கு விளங்காது. நான் ஊரில் நடந்த போரில் துவக்குப் பிடிக்கவில்லை. பிடித்தேன் என்று வாயால் சொன்னதும் இல்லை, அதுதான் என் கெட்டித்தனம். எங்கள் வயது ஆம்பிளைகள் கூடுகிற இடத்தில் யாராவது, "நீங்கள் அந்த நேரம் ஊரிலையோ?" என்று கேட்பார்கள். நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அதுகளைப் பற்றி நான் கதைக்கிறேல்ல" என்பேன். அவ்வளவுதான். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு பேச்சை மாற்றுவார். பிறகு எனக்கு வரும் மரியாதையே வேறு. உண்மை என்னவென்றால், பதினேழு வயதில் என் ஐயா, உன் அப்பப்பா, என்னைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். ஒரு லொட்ஜில் ஒன்றரை வருஷம் படுத்துக் கிடந்தேன். என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் சண்டையில் செத்த செய்தி வந்த அன்றைக்கு நான் மாட்னி ஷோ பார்த்துவிட்டு வந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தப்பி வந்ததில் வெட்கம் இல்லை அப்பன், அதை இப்போது விளங்கிக்கொண்டுவிட்டேன். தப்பி வந்தவன் தப்பவில்லை என்று நடித்ததுதான் வெட்கம். நீ பல்கலைக்கழகத்தில் ஒரு சிநேகிதனுக்கு என்னை அறிமுகம் செய்தபோது, "மை டாட் வோஸ் இன் த வோர்" என்றாய். நான் அவனுக்குக் கை கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

நான் முதன்முதலாகத் துவக்கைத் தொட்டது நாற்பத்திரண்டு வயதில், இங்கே கனடாவில், ஸ்காபரோவில், லைசென்சுக்கான வகுப்பில். வெடிக்காத போலித் தோட்டா போட்டுக் காட்டினார்கள். அதைக்கூட நான் இரண்டு விரலால்தான் தூக்கினேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனது நசீர் நானா. நான் பாக்டரியில் போர்க்லிஃப்ட் ஓடின காலத்தில் அவர் அங்கே மெஷின் திருத்துகிறவர். அவரும் யாழ்ப்பாணம், அங்கிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஒருத்தர். கல்யாணம் முடித்த புதிதில், துவக்கு வைத்திருந்தவர்கள் போ என்று சொல்ல, வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டு மனைவியோடு நடந்து போனவர். அப்படிப்பட்ட மனுஷனுக்கு முன்னாலும் நான், "அதுகளைப் பற்றி நான் கதைக்கிறேல்ல" என்று சொல்லியிருக்கிறேன். யார் அவரை வீட்டை விட்டு எழுப்பினார்களோ அவர்களில் ஒருத்தன் நான் என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை, என்னைக் கோழை என்று நினைக்கக்கூடாது. என் புத்தி எவ்வளவு கீழே போயிருந்தது என்று பார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நவம்பரும் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பான்க்ரொஃப்ட் காட்டுப் பக்கம் மான் வேட்டைக்குப் போனார்.

இனி ஹைட்ரோ லைன். உனக்கு அப்போது இருபத்திரண்டு. சும்மா பார்க்க வந்தாய். மின்சாரக் கம்பிக்காக மரங்களை வெட்டி நேராக விட்டிருந்த பாதையின் ஒரு நுனியில் நாங்கள் மூன்று பேரும் ஒரேஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். பின்னேரம் மூன்று மணி இருக்கும். பாதைக்குக் குறுக்கே அந்த மான் வந்து நின்றது. தூரமானியில் நானூற்றுச் சொச்சம் மீட்டர் என்று காட்டியது. நசீர் நானா, "அது தூரம். காத்தும் இருக்கு. விடுங்க, நாளைக்குக் கிட்ட வரும்" என்றார். அவர் நூற்றைம்பதுக்கு மேல் ஒரு நாளும் சுடமாட்டார். நான் அதைப் பயம் என்று நினைத்துவைத்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். போரில் இருந்த அப்பா சுடுவார் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாய். நான் குறியை ஒரு மீட்டர் மேலே தூக்கி வைத்துச் சுட்டேன்.

உன் அட்டவணையில் கடைசி நிரல் ஒன்று இருக்கிறது. தோட்டா போய்ச் சேர எடுக்கும் நேரம். அதற்கு மட்டும் நீ நிறம் போடவில்லை. நானூறில் .308-க்கு அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் மேல். எட்டிப் பார்த்த மான் அந்த நேரத்துக்குள் ஒரு கால் எடுத்து வைத்தது. தோளுக்குப் பின்னால் நெஞ்சில் போக வேண்டியது வயிற்றில் போனது. அது கால் வைத்ததாலா, காற்றாலா, என் கை நடுங்கினதாலா என்று எனக்குத் தெரியாது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். தொலைநோக்கிக்குள்ளால் அது முதுகை வளைத்துக் கூனியதைப் பார்த்தேன். வயிற்றில் பட்ட மான்தான் அப்படிக் கூனும், வகுப்பில் படித்திருக்கிறேன். பிறகு மெல்ல நடந்து மரங்களுக்குள் போனது. ஓடக்கூட இல்லை.

நீ சொன்னாய்: "அப்பா, பட்டது. 'தொப்' எண்டு சத்தம் கேட்டது." நசீர் நானா என் முகத்தைப் பார்த்தார். "பட்டதோ?" என்று மெதுவாகக் கேட்டார். பட்டது என்று சொன்னால், அவர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்து மிருகத்தைக் கெடுத்துப் போட்டேன் என்று உனக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். "படேல்ல" என்றேன். நீ விடவில்லை. "இல்லையப்பா, நான் வடிவாக் கேட்டனான், போய்ப் பாப்பம்" என்று எழும்பினாய். அப்போது நான் உன்மேல் பாய்ந்தேன். "அது மரத்தில பட்ட சத்தம். உனக்கென்னடா தெரியும்? நான் எத்தினை வெடி கேட்டிருப்பன்" என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது. நசீர் நானாவும் பையைத் தூக்கினார். போரைப் பார்த்தவன் என்று ஒருத்தன் சொன்னால் அதற்கு மேல் யார் கதைப்பார்கள்? மழை வரப்போகிறது என்று சொல்லி இரண்டு பேரையும் நாங்கள் தங்கியிருந்த கபினுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீ புட்டு அவித்து தகரத்தில் அடைத்த ரின்மீன் குழம்பு வைத்தாய். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். 

அடுத்த நாள் காலையில் கையுறையை விட்டுவிட்டு வந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தனியாகப் போனேன். நினைவிருக்கிறதா? கையுறை என் பொக்கற்றில் இருந்தது. அது நின்ற இடத்தில் ஒரு பிடி மயிரும் இரண்டு சொட்டு இரத்தமும்தான் இருந்தன. அங்கிருந்து இருநூறு மீட்டர்கூட அது போகவில்லை. ஆனால் அந்த இருநூறு மீட்டருக்குள் மூன்று இடத்தில் படுத்து எழும்பியிருந்தது. படுத்த இடங்களில் இலைகள் நசிந்து கறுப்பாக இருந்தன. நாலாவது இடத்தில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் போகவில்லை, காலும் விறைக்கவில்லை. அப்படியென்றால் நாங்கள் சாப்பிடும்போது, நித்திரை கொள்ளும்போது, காலையில் நீ கோப்பி போடும்போதெல்லாம் அது உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு பக்கம் தோட்டா போன துளை, மற்றப் பக்கம் வந்த துளை, இரண்டும் ஒரே அளவு. அது மூஸ் என்ற பெரிய மானுக்கென்று செய்த தடித்த தோட்டா. கடைக்காரன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பாரமானதுதான் நல்லது என்று நான் வாங்கினது. கிட்ட என்றால் அது உள்ளே போய் விரிந்து மிருகத்தை அதே இடத்தில் விழுத்தும். நானூறு மீட்டர் போய் வேகம் செத்தபிறகு அது விரியவில்லை. ஊசி போவதுபோலப் போய்விட்டது. வயிற்றில் பட்டு விடிய விடியக் கிடந்த இறைச்சி உதவாது. நான் அதன் கண்ணை மூடப் பார்த்தேன். மானின் கண் மூடாது, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அங்கேயே குந்தியிருந்து அழுதேன். பிறகு ஓடையில் கையைக் கழுவிவிட்டு வந்து, "கையுறை கிடைச்சிட்டுது" என்று உங்களுக்கு எடுத்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் வேட்டைக்குப் போகவில்லை. முழங்கால் நோ என்று சொன்னேன். நீ பாவம், எனக்குக் களிம்பு வாங்கித் தந்தாய், பிசியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். என் முழங்காலுக்கு ஒரு நோவும் இல்லை. அங்கே வேலை செய்யும் பெட்டைப் பிள்ளை கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கி மடக்கிப் பார்க்கும்போது நான் முகத்தைச் சுளித்துக் காட்டினேன்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தால் அதுவும் ஒரு ஒளிப்புத்தான். 6.5 நல்லது, உன் கணக்கில் பிழை இல்லை. ஒல்லியான நீளத் தோட்டா காற்றை வெட்டிக்கொண்டு போகும், தோளிலும் பெரிதாக இடிக்காது, இடிக்காததால் நீ கண் மூடாமல் சுடுவாய். .308-உம் கெட்டதில்லை, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். மேக்னம் வேண்டாம், அது என்னைப்போல ஆட்கள் ஆசைப்படுகிற சாமான். எதை வாங்கினாலும், அந்தத் தோட்டா விரிவதற்கு ஆகக் குறைந்தது எவ்வளவு வேகம் வேண்டும் என்று அதைச் செய்தவர்களின் குறிப்பில் தேடிப் பார். அதற்கு ஒரு நிரல் போடு, அதற்குத்தான் சிவப்புப் போடு. பிறகு அந்தக் கடைசி நிரலைப் பார். அறுநூறில் உன் 6.5-க்கும் ஏறக்குறைய ஒரு செக்கன் வேண்டும். எந்தத் துவக்காலும் அதை இல்லாமல் ஆக்க ஏலாது. நீ விசையை அமத்தின பிறகு மான் என்ன செய்யும் என்று உனக்கும் தெரியாது, மானுக்கும் தெரியாது. சுட்டுப் பழகும் றேஞ்சில் மேசையில் மணல் பை வைத்துச் சுடுவதை விடு. குளிரில், குந்தியிருந்து, நெஞ்சு படபடக்கச் சாப்பாட்டுக் கடதாசித் தட்டு ஒன்றைச் சுட்டுப் பார். எத்தனை மீட்டர் வரைக்கும் ஒன்றும் தவறாமல் படுகிறதோ அதுதான் உன் தூரம். அது நூற்றைம்பது என்றால் நூற்றைம்பது. உன் மச்சானுக்கு அதைச் சொல்ல வெட்கப்படாதே. பட்டதோ படவில்லையோ, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அந்த இடத்துக்கு நடந்து போய்க் குனிந்து பார். வயிற்றில் பட்டது என்று தெரிந்தால் சில மணித்தியாலம் பொறுத்து, பிறகு அதைக் காணும்வரை தேடு.

முந்தாநாள் நான் நசீர் நானாவின் வீட்டுக்குப் போனேன். கார்த் தரிப்பிடத்தில் ஐந்து நிமிஷம் காருக்குள் இருந்துவிட்டுத்தான் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், மானையும் சொன்னேன், லொட்ஜையும் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மான் விசயம் எனக்குத் தெரியும். கையுறை எடுக்கப் போன ஆள் சட்டைக் கையில ரத்தத்தோட வந்தா எனக்கு விளங்காதோ? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். மற்றது, அந்தப் போர்க் கதை? என்று கேட்டேன். "அதுவும் முதல் நாளே தெரியும். றேஞ்சில நீங்க விசை அமத்த முன்னமே ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிப்போட்டீங்க. துவக்குப் பிடிச்ச ஆள் அப்பிடி மூடமாட்டான்." எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பதினாறு வருஷமாக நான் நடித்த நாடகத்தை முன்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். "தெரிஞ்சும் ஏன் நானா என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்கள்?" என்று கேட்டேன். "தெரிஞ்சபடியாத்தான்" என்றார். பிறகு, "உங்கட மகனுக்குச் சொல்லிட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்னட்ட என்னத்துக்கு வந்தீங்க? அந்தப் பிள்ளையல்லோ பொய்க்காரன் ஆனது" என்றார்.

அதைத்தான் நான் இவ்வளவு நாளும் யோசிக்கவில்லை. மானை நினைத்து அழுதேன், என் மானத்தை நினைத்துப் பயந்தேன், உன்னை நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், காரில் ஏதோ சத்தம் வருகிறது என்றாலும், குழாய் ஒழுகுகிறது என்றாலும், நீ என்னைப் பார்த்து, "உங்களுக்கும் கேக்குதோ அப்பா, இல்லாட்டி எனக்குத்தான் அப்பிடி இருக்கோ?" என்று கேட்பாய். நான் அதை உன் பணிவு என்று நினைத்து மற்றவர்களுக்குப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உன் காதை நீயே நம்பாமல் போனது என்னால்தான். கோபப்படு. இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வராமல் விட்டாலும் அம்மாவுக்கு நான் காரணம் சொல்லிக்கொள்கிறேன், உண்மையான காரணத்தை. துவக்கைப் பூட்டி வைத்த பெட்டியின் திறப்பை இனி நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

நீ நவம்பரில் காட்டில் உட்கார்ந்திருக்கும்போது உன் மச்சான், "அத்தான், பட்டது, எனக்குக் கேட்டது" என்று சொன்னால், அவனோடு எழும்பிப் போ. ஒன்பது வருஷத்துக்கு முதல் அந்தப் பாதையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன், அப்பன். உனக்குச் சரியாகத்தான் கேட்டது. அது பட்டது.